வாசகர் கேள்வி – பதில்: ஸ்கீயின் நீளத்தை எதை வைத்து முடிவு செய்வது?

கேள்வி: ஐயா, வணக்கம். என் மகன் வேலூரில் பொறியியல் முடித்துவிட்டு, மேற்படிப்புக்காக நார்வே நாட்டின் ட்ரோண்ட்ஹைம் நகரில் இருக்கிறான். பனி மூடிய காடுகளில் நண்பர்களோடு சுற்றி வர ஸ்கீ (பனியில் வழுக்கிச் செல்லக் காலில் பூட்டிக்கொள்ளும் நீண்ட பலகை) வாங்க வேண்டும் என்று பணம் கேட்டான், அனுப்பிவிட்டேன். நீளம் முடிவாகாமல் இன்னும் கடைக்கும் விடுதிக்குமாக அலைந்துகொண்டிருக்கிறான். கையை உயர்த்தினால் மணிக்கட்டு வரை இருக்க வேண்டும் என்கிறாராம் ஒரு மூத்த மாணவர். கடைக்காரர் 190 செ.மீ. போதும் என்கிறார். எடை அட்டவணையிலோ அவன் 190க்கும் 200க்கும் நடுவில் நிற்கிறான். உயரம் 172 செ.மீ., எடை 80 கிலோ. ஆண்டுக்கு ஓரிரு முறை 14 கிலோ சுமையோடு மலைக்கும் போவானாம். எதை வாங்கச் சொல்வது?
– ஒரு தந்தை, சத்துவாச்சாரி

பதில்: 190 செ.மீ. வாங்கச் சொல்லுங்கள். ஆனால் அந்த எண்ணைவிட அதன் காரணம் உங்கள் மகனுக்குத் தெரிந்திருப்பது முக்கியம். வேறொரு மாடலை எடுத்துக் காட்டினால் இதே 190 பொருந்தாமல் போய்விடக்கூடும்.

ஸ்கீயைத் தரையில் வைத்துப் பக்கவாட்டில் பார்த்தால், முன்னும் பின்னும் தரையைத் தொட்டிருக்க, கால் வைக்கும் நடுப்பகுதி மட்டும் சற்றே மேல்நோக்கி வளைந்து நிற்பது தெரியும். அந்த வளைவின் அடியில்தான் மீன்செதில் எனப்படும் வரிகள் செதுக்கப்பட்டிருக்கும், அல்லது பிடிப்புக்கான மெழுகு பூசப்படும். இரு கால்களிலும் எடை சமமாகப் பரவி வழுக்கிச் செல்கையில் அந்தப் பகுதி பனியை அழுத்தாமல் இருக்க வேண்டும். ஒரே காலில் முழு எடையையும் ஊன்றி உந்துகையில் அது பனியில் பதிந்து பிடிக்க வேண்டும். பெங்களூரு நெடுஞ்சாலையில் காலி லாரி குதித்துக்கொண்டு போவதையும், அதே லாரி பாரம் ஏற்றியபின் அமர்ந்து ஓடுவதையும் பார்த்துப் பழகிய நமக்கு, வில்பட்டையின் விறைப்பு பாரத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்பதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. ஒரே மாடலில் நீளம் கூடக் கூட விறைப்பும் கூடும்படியே பெரும்பாலும் தயாரிக்கிறார்கள். ஆகவே நீளத்தைத் தேர்ந்தெடுப்பவர் விறைப்பையும் சேர்த்தே தேர்ந்தெடுக்கிறார்; அதற்கு அளவுகோல் உடல் எடைதான், உயரம் அன்று.

மணிக்கட்டு விதி மரப்பலகைக் காலத்தது. உயரமானவர் பொதுவாக எடையும் கூடியவராக இருப்பார் என்ற ஊகத்தால் அது ஓரளவு பலித்து வந்தது. உங்கள் மகனுக்கு அது 205, 210 என்று காட்டும். அவ்வளவு நீளத்தை அவனுடைய எடை முழுதாக அழுத்தாது. ஏற்றத்தில் செதில் பதியாமல் பின்னோக்கி வழுக்கும், மரங்களுக்கு நடுவே வளைந்து திரும்புவதற்கும் திணற வேண்டியிருக்கும். மிகக் குட்டையானதை எடுத்தாலோ, செதில் எப்போதும் பனியில் உரசி வேகத்தைக் கெடுக்கும். புதுப்பனியில் பலகை அமிழும். நேர்கோட்டில் ஓடுவதற்கும் வழுக்குவதற்கும் நீளமே நல்லது என்பதையும் மறுக்க முடியாது. நார்வேயின் ஓஸ்டர்டாலன் பள்ளத்தாக்கில் முற்காலத்தில் ஒரு காலுக்கு வழுக்குவதற்கென நீண்ட பலகையும், மறு காலுக்கு உந்துவதற்கென விலங்குத் தோல் போர்த்திய குட்டைப் பலகையும் கட்டிக்கொண்டு போனார்கள். இரண்டு வேலையையும் ஒரே பலகையிடம் கேட்பதால்தான் நமக்கு இத்தனை குழப்பம்.

அடுத்தது சுமை. அட்டவணையைப் பார்க்கும்போது பையின் எடையையும் சேர்க்க வேண்டும் என்பது சரியே. ஆனால் பெரும்பாலான நாள்களில் முதுகில் இருக்கும் பையைத்தான் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து. ட்ரோண்ட்ஹைமை ஒட்டிய பீமார்க்கா காட்டில் வார இறுதியில் சுற்றி வர நான்கைந்து கிலோ போதும். மலைப்பயணத்துக்கும் 14 கிலோ தேவையா என்று மகனிடம் ஒருமுறை கேளுங்கள். 1868இல் தொடங்கப்பட்ட நார்வே மலையேற்றச் சங்கத்தின் தங்குகுடில்கள் பலவற்றில் படுக்கையும், விலைக்கு எடுத்துக்கொள்ளும்படி உணவும் இருக்கின்றன; கூடாரமும் அடுப்பும் சுமக்காதவனுடைய பை தானாகவே இளைத்துவிடும். அந்த ஓரிரு பயணங்களுக்காக ஆண்டு முழுவதும் விறைப்பான 200ஐக் கட்டிக்கொண்டு திண்டாடுவதில் பொருளில்லை. மரமற்ற சமவெளியில் நாள் கணக்கில் நேராகப் போகிறவனாக இருந்திருந்தால் நானே 200 என்று எழுதியிருப்பேன்.

இவையெல்லாம் நடுப்பகுதி 55, 60 மி.மீ. அகலமுள்ள ஒடுங்கிய மலை ஸ்கீக்குப் பொருந்தும். நடுவில் 70, 80 மி.மீ. உள்ள அகலமான வகை என்றால், அந்த அகலமே பனியின்மேல் தாங்கிப் பிடிப்பதால் 180 செ.மீ. அளவிலேயே வேலை முடிந்துவிடும். ஆனால் முனையின் அகலம் ஏறத்தாழ 70 மி.மீ.யைத் தாண்டினால், காட்டுப் பாதையில் இயந்திரம் வெட்டி வைத்திருக்கும் தடத்துக்குள் அது அடங்காது. அவன் பாதி நாள் அந்தத் தடத்திலேயே போகக்கூடியவன்.

பணம் கொடுக்குமுன் கடையிலேயே ஒரு சோதனை செய்யலாம். சமமான, கெட்டியான தரையில் வழக்கமான பையை மாட்டிக்கொண்டு இரு ஸ்கீகளின் மேலும் சமமாக நிற்க வேண்டும். காலுக்கு அடியில் செருகிய காகிதத்தை இன்னொருவர் முன்னும் பின்னும் இழுக்கும்போது அது நகர வேண்டும். எடை முழுவதையும் ஒரு காலுக்கு மாற்றியதும் காகிதம் சிக்கிக்கொள்ள வேண்டும். காட்டுக்கான ஸ்கீ போட்டி ஸ்கீயைவிட இளக்கமானது என்பதால், முதல் நிலையில் காகிதம் சற்றே உரசினால் ஒதுக்க வேண்டாம். ஒற்றைக் காலில் நின்றும் காகிதம் தாராளமாக உருவி வந்தால், அது எந்த நீளமாக இருந்தாலும் அவனுக்கானது அன்று.

கேள்வி: கனடாவில் இருக்கும் என் பேத்திக்கு ஒன்பது வயது. பள்ளிச் சீருடையைப் பெரிதாகத் தைத்துக்கொள்வதுபோல, மூன்று வருடத்துக்கு வரும்படி நீளமான ஸ்கீயாக வாங்கலாம் என்கிறான் என் மகன். சரிதானா?
– ஒரு பாட்டி, குடியாத்தம்

பதில்: சரியில்லை, அம்மா. பெரிய சட்டைக்குக் கையை மடித்துவிடலாம். விறைப்பை மடிக்க வழியில்லை. இருபத்தெட்டு, முப்பது கிலோ குழந்தையால் வளைக்க முடியாத பலகை ஏற்றத்தில் ஒவ்வோர் அடிக்கும் பின்வாங்கும்; குழந்தை தனக்குத்தான் வரவில்லை என்று நினைத்து விட்டுவிடும். அந்த வயதில் பருவம் முழுவதற்கும் வாடகைக்கு எடுப்பதோ, முன்பே யாரேனும் பயன்படுத்தியதை வாங்குவதோ நல்லது.

கேள்வி: வெளிநாட்டிலுள்ள என் தம்பிக்கு 215 செ.மீ. பழைய ஸ்கீ மலிவாகக் கிடைத்திருக்கிறது. பின்பக்கத்தில் ஓர் அடி அறுத்துவிடலாமா?
– ஒரு ஃபிட்டர், இராணிப்பேட்டை

பதில்: வேண்டாம். நுனி மெலிந்தும் நடு தடித்தும் வளைவு அந்த முழு நீளத்துக்காகக் கணக்கிடப்பட்டது. வாலை அறுத்தால் நடுவிலுள்ள விறைப்பு குறையாது; பின்பக்கம் பனியைத் தொடும் இடமும், காலணியைப் பூட்டும் இடத்துக்கு ஆதாரமான சமநிலைப் புள்ளியும் மாறிப்போகும். மர உள்ளீடு உள்ளதாக இருந்தால் அறுத்த வாயில் ஈரம் இறங்கிப் பிளக்கத் தொடங்கும். அந்த நீளத்துக்கேற்ற எடையுள்ள எவருக்காவது விற்றுவிடச் சொல்லுங்கள்.