மகளின் படிப்பும் தந்தையின் கணக்கும்

அன்புள்ள ஐயா,

கிளாஸ்கோவில் குடியேறிப் பதினைந்து ஆண்டுகள் ஆன பிறகும், "ஸ்காட்லாந்து வரலாற்றைப் படித்து என்ன பயன்?" என்று கேட்டிருக்கிறீர்கள். மகள் அதோடு சமூகவியலையும் சேர்த்துக்கொண்டதில் உங்களுக்கு ஒன்றுக்கு இரண்டாகக் கவலை. பொறியியலுக்குப் போகவில்லையே என்ற ஏக்கமும் கடிதத்தில் தெரிகிறது. அதற்கு என்னிடம் மருந்து இல்லை. படிப்பைப் பற்றிச் சொல்கிறேன்.

1883இல் ஸ்காட்லாந்தின் மலைநாட்டிலும் தீவுகளிலும் இருந்த சிறு குத்தகை விவசாயிகளின் குறைகளைக் கேட்க, நேப்பியர் பிரபு தலைமையில் ஓர் ஆணையம் அமைந்தது. ஸ்கை தீவில் முதல் சாட்சியாக வந்தவர் எடுத்த எடுப்பில் குறை எதையும் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால் நிலத்தைவிட்டு வெளியேற்றமாட்டார்கள் என்று உறுதி கிடைக்குமா என்றுதான் கேட்டார். அந்தச் சாட்சியங்களைத் தேடிப் படித்து, 1886இல் வந்த குத்தகைப் பாதுகாப்புச் சட்டம்வரை தொடர்ந்து போவது வரலாற்று வகுப்பு. நிலக்கிழாரின் ஆள் நிற்கும்போது யார் வாய் திறந்தார்கள், யார் திறக்கவில்லை என்று கேட்கப் பழக்குவது சமூகவியல். நாளைக்கு வாடகைக் குடியிருப்புகளில் கருத்துக் கேட்கப் போகும் ஆய்வாளருக்கு இந்தக் கேள்வி தெரிந்திருக்க வேண்டும். இல்லையென்றால் "அனைவரும் திருப்தி" என்று எழுதிக்கொண்டு திரும்புவார்.

வேலைக்கு வருவோம். பட்டத்தின் பெயருக்காக யாரும் கூப்பிட்டு வேலை தரமாட்டார்கள். அரசுப் பணி, சமூக ஆய்வு, தொண்டு நிறுவனங்கள் எல்லாம் திறந்தே இருக்கின்றன. ஆவணக் காப்பகம் என்றால் மேற்படிப்பும் தேவைப்படும். பலர் கவனிக்காத வழி ஆசிரியப் பணி. ஸ்காட்லாந்துப் பள்ளிகளில் வரலாற்றைத் தவிர 'மாடர்ன் ஸ்டடீஸ்' என்று தனியாக ஒரு பாடம் உண்டு. அரசியலும் சமூகப் பிரச்சினைகளும் கலந்தது. பல்கலைக்கழகத்தில் முதல் இரண்டு ஆண்டுகளில் பெரும்பாலும் மூன்றாவதாக ஒரு பாடமும் எடுக்க வேண்டியிருக்கும். காலை வகுப்பு இல்லாத பாடமாகப் பார்த்து எடுப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். உங்கள் மகள் அரசியலை எடுக்கட்டும். பட்டம் முடித்து ஓராண்டு ஆசிரியப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கும்போது, வரலாறு, மாடர்ன் ஸ்டடீஸ் இரண்டுக்குமே தகுதி பெற அது உதவும். ஆசிரியர்களைப் பதிவுசெய்யும் ஸ்காட்லாந்து ஆசிரியர் மன்றத்தின் பாட விதிகளை முதலாண்டிலேயே பார்த்துவிடுங்கள்.

சமூகவியலில் புள்ளியியல் வகுப்புகளும் வரும். கணக்குக்குப் பயந்து இந்தப் பக்கம் வந்தவர்கள் அதைத் தட்டிக்கழிக்கப் பார்ப்பார்கள். விடாதீர்கள், ஆய்வு வேலைகளில் முதலில் கேட்பதே அதைத்தான்.

குடியிருப்புத் தகுதி இருந்தால் நான்கு ஆண்டுக் கல்விக் கட்டணத்தை அரசே செலுத்தும். ஆனால் அது தானாக வராது. ஒவ்வோர் ஆண்டும் மகள் விண்ணப்பிக்க வேண்டும். இன்னொன்று: கிளாஸ்கோவில் இந்த இளநிலைப் பட்டத்துக்கே எம்.ஏ. என்றுதான் பெயர். "பி.ஏ. எப்போது முடித்தாள்?" என்று ஊரில் பெரியப்பா கேட்பார். பதிலை இப்போதே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள்.