ராக் பிடிக்கிறது, கன்ட்ரி மட்டும் ஒட்டவில்லையா?

ராக் ஆல்பம் எதுவானாலும் கேட்கிறீர்கள், அமெரிக்கக் கிராமிய இசையான கன்ட்ரி மட்டும் இரண்டு பாட்டுக்கு மேல் ஓடவில்லை, அந்த அழுகிற கிதார் சத்தமே எரிச்சல் என்கிறீர்கள், சரிதானே? அது பெடல் ஸ்டீல். படுக்கவைத்த கம்பிகள்மேல் உலோகத் துண்டை நகர்த்தி, காலால் பெடலை மிதித்துச் சுருதியை வளைப்பார்கள். எனக்கும் ஆரம்பத்தில் பல் கூசியது.

தி ஃப்ளையிங் புரிட்டோ பிரதர்ஸ் குழுவின் 'தி கில்டட் பேலஸ் ஆஃப் சின்' (1969) கேட்டுப் பாருங்கள். ஸ்னீக்கி பீட் க்ளைனோ அதே பெடல் ஸ்டீலை ஃபஸ், அதாவது சத்தத்தைக் கரகரப்பாக்கும் கருவி, வழியாக விட்டு வாசிக்கிறார், கேட்டால் ராக் கிதார்தான் என்று சத்தியம் செய்வீர்கள். அப்புறம் ஜானி கேஷின் 'அட் ஃபோல்சம் ப்ரிசன்', 1968 ஜனவரி 13 அன்று கலிஃபோர்னியாவில் சிறைக்குள்ளேயே, கைதிகள் முன்னால் பதிவானது; ட்ரம்ஸும் பாஸும் ரயில் மாதிரி ஓடும், நடுவில் சிறை ஒலிபெருக்கி அறிவிப்புகூட வரும், பங்க் பிடித்தவர்களுக்கே இது பிடிக்கிறது.

பாப் டிலனின் 'நாஷ்வில் ஸ்கைலைன்' எல்லோரும் சொல்வார்கள். நல்ல ஆல்பம்தான், ஆனால் உங்களுக்கு இப்போது கொஞ்சம் சாதுவாகத் தெரியும். வில்லி நெல்சனின் 'ரெட் ஹெடட் ஸ்ட்ரேஞ்சர்' (1975) கடைசியில், இரவில், வரிசை மாற்றாமல். முழு ஆல்பமும் ஒரே கதை, ஷஃபிளில் போட்டால் போச்சு.