இரண்டு பெண்கள் மண்டபம் கேட்டு வந்தால் விசுவாசியான அப்பா மறுக்கலாமா?

கேள்வி கேட்டவர் எழுதியிருப்பதன் சுருக்கம் இது. குடும்பத்துக்குச் சொந்தமான கல்யாண மண்டபம். இரண்டு பெண்கள், இணையர், தங்கள் வரவேற்பு நிகழ்ச்சிக்குத் தேதி கேட்டு வந்திருக்கிறார்கள். அப்பா பக்தியுள்ள கிறிஸ்தவர்; வேதம் இதை ஏற்கவில்லை, தர மாட்டேன் என்கிறார். மதச் சுதந்திரம் பெரிதா, அந்தப் பெண்களின் உரிமை பெரிதா?

மண்டபத்தைத் தரத்தான் வேண்டும் என்பது என் பதில். அப்பாவின் நம்பிக்கையைக் குறைத்து மதிப்பிட்டு இதைச் சொல்லவில்லை. நானும் ஞாயிறு தவறாமல் ஆராதனைக்குப் போகிறவன். பாளையங்கோட்டையில் அச்சகம் நடத்துகிறேன். ஆவணியும் தையும் வந்தால் கல்யாணப் பத்திரிகை வேலைதான் கடையைத் தாங்கும்.

என் மேசையில் வரும் பத்திரிகைகளைப் பாருங்கள். பிள்ளையார் படம், குலதெய்வத்தின் பெயர், பஞ்சாங்கப்படி நட்சத்திரம், திதி. மேலப்பாளையத்திலிருந்து வருவதில் 786. எங்கள் சபைக் குடும்பங்களுக்குச் சிலுவையும் வேத வசனமும். பத்துக் கட்டளைகளில் இரண்டாவது விக்கிரகத்தைப் பற்றியது. சிறுவயதில் மனப்பாடம் செய்தது இன்னும் மறக்கவில்லை. ஆனாலும் புரூஃப் பார்க்கும்போது, வலம்புரிப் பிள்ளையார் கேட்டவருக்கு இடம்புரி போய்விடக் கூடாதே என்று தும்பிக்கை எந்தப் பக்கம் வளைகிறது என்பதை வாடிக்கையாளரை விட நான்தான் கூர்ந்து பார்ப்பேன். அதனால் நான் பிள்ளையாரை வணங்குகிறேன் என்று எங்கள் போதகர் உட்பட யாரும் நினைத்ததில்லை. அது அந்த வீட்டாரின் கல்யாணம், அவர்களுடைய வார்த்தைகள். என்னுடையது அட்டையும் மையும் உழைப்பும்.

மறுத்த வேலைகளும் உண்டு. மதம் மாறியவர்களைத் தூற்றும் துண்டறிக்கை ஒன்றைத் திருப்பி அனுப்பினேன். பிற மதத் தெய்வங்களை இழித்து எழுதிய துண்டுப் பிரசுரத்தோடு நம் ஆட்களே வந்தபோது அதையும் திருப்பி அனுப்பினேன். “அண்ணாச்சி, நீங்களே இப்படிச் சொன்னால் எப்படி?” என்று வருத்தப்பட்டார்கள். யார் கொண்டு வந்தாலும் அந்த வாசகத்தை நான் அச்சடிக்க மாட்டேன். அதே ஆட்கள் மறுநாள் பத்திரிகை அடிக்க வந்தால் நாற்காலி போட்டு உட்கார வைப்பேன்.

வாசகத்தை மறுப்பதற்கும் ஆளை மறுப்பதற்கும் உள்ள இந்த இடைவெளியைத் தெளிவாக எழுதி வைத்தவர் பிரிட்டன் உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்த லேடி ஹேல். அவருடைய இரண்டு தீர்ப்புகளை அடுத்தடுத்துப் படிக்க வேண்டும்.

முதலாவது 2013-இல் வந்தது. கார்ன்வால் கடலோரத்தில் ஒரு கிறிஸ்தவத் தம்பதி தங்கும் விடுதி நடத்தினார்கள். 2008 செப்டம்பரில் அங்கே அறை பதிவு செய்துவிட்டு வந்த இரண்டு ஆண்களைத் திருப்பி அனுப்பினார்கள். ஆணும் பெண்ணுமாக மணமுடித்தவர்களுக்கு மட்டுமே இரட்டைக் கட்டில் அறை, மணமாகாத ஆண் பெண் ஜோடிக்கும் தருவதில்லை, ஆகவே இது பாகுபாடு ஆகாது என்பது அவர்கள் வாதம். அந்த இருவரும் சட்டப்படி பதிவு செய்த துணைவர்கள். அன்றைய சட்டத்தில் அவர்கள் திருமணம் செய்துகொள்ளவே வழியில்லை. எப்படியும் நிறைவேற்ற முடியாத நிபந்தனையைப் போட்டுவிட்டு எல்லோருக்கும் பொது விதி என்றால் எப்படி? விடுதிக்காரர்கள் தோற்றார்கள். தோற்றது ஐந்து நீதிபதிகளும் ஒருமித்துத்தான் என்றாலும், இது நேரடிப் பாகுபாடா என்பதில் மூன்றுக்கு இரண்டு என்று பிரிந்தார்கள்; விஷயம் எளிதல்ல என்பது அதிலேயே தெரியும்.

இரண்டாவது வழக்கு பெல்ஃபாஸ்டில் ஒரு கேக் கடை. 2014 மே மாதம் தன்பாலீர்ப்பாளர் ஒருவர், தன்பாலினத் திருமணத்தை ஆதரியுங்கள் என்ற வாசகம் எழுதிய கேக் கேட்டார். விலை 36.50 பவுண்டு. ஆர்டரையும் பணத்தையும் வாங்கிக்கொண்ட கடை, பிறகு தொலைபேசியில் அழைத்து, நாங்கள் கிறிஸ்தவர்கள், இதைச் செய்ய முடியாது என்று பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. கீழ் நீதிமன்றங்கள் இரண்டும் கடைக்கு எதிராகத் தீர்ப்பளித்தன. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக அதை மாற்றினார்கள். அந்த வாசகத்தை வேறு யார் கேட்டிருந்தாலும் கடைக்காரர் மறுத்திருப்பார். அவர் மறுத்தது செய்தியை, கொண்டு வந்தவரை அல்ல என்றது தீர்ப்பு. எழுதியவர் அதே லேடி ஹேல். தன்பாலீர்ப்பாளர் உரிமைக்காக வாழ்நாள் முழுதும் போராடி வரும் பீட்டர் டாட்செல்கூட, முதலில் கடையைக் கண்டித்தவர், 2016-இல் நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டு, தனக்கு உடன்பாடில்லாத கருத்தை எழுதச் சொல்லி ஒருவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்றார். அந்த மனிதர் மேல் எனக்கு அன்றிலிருந்து மிகுந்த மரியாதை.

அமெரிக்காவின் கொலராடோ கேக் வழக்கு இதை விட அதிகம் பேசப்பட்டது, ஆனால் நமக்கு அவ்வளவாக வழிகாட்டாது. 2012-இல் இரண்டு ஆண்கள் தங்கள் கல்யாணத்துக்குக் கேக் கேட்டபோது, எப்படிப்பட்ட கேக் என்ற பேச்சு தொடங்கும் முன்பே கடைக்காரர் மறுத்துவிட்டார். பிறந்தநாள் கேக் தருவேன், பிஸ்கட் தருவேன், கல்யாணக் கேக் மட்டும் முடியாது என்றார். வாசகமே இல்லாத கேக்கை மறுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆனால் 2018-இல் உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என அவர் பக்கம் தீர்ப்பளித்ததன் காரணம் வேறு. அவரை விசாரித்த மாநில ஆணையத்தின் உறுப்பினர் ஒருவர், அவருடைய மத நம்பிக்கையை இழிவுபடுத்திப் பேசியிருந்தார். அதைக் கண்டித்தது முற்றிலும் சரி. ஒருவருக்கு எதிராகத் தீர்ப்பளிப்பதாக இருந்தாலும், அவர் நம்பிக்கையை மதித்துக் காது கொடுத்துக் கேட்க வேண்டியது அரசின் கடமை. முற்போக்கு பேசும் நம் நண்பர்கள் பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

2023-இல் அதே மாநிலத்து இணையதள வடிவமைப்பாளர் ஒருவர் வழக்கு வேறு. கல்யாணத் தளம் எதையும் அதுவரை தயாரிக்காமலே, தன்பாலினத் திருமணத்துக்குத் தளம் உருவாக்கச் சொல்லி மாநிலம் தன்னைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று முன்கூட்டியே வழக்குத் தொடுத்து, ஆறுக்கு மூன்று என்று வென்றார். என் தொழிலுக்கு மிக அருகில் இருக்கும் வழக்கு இதுதான். பிறருடைய கல்யாண அறிவிப்பை வடிவமைப்பவரின் சொந்தப் பேச்சாக அந்தத் தீர்ப்பு எடுத்துக்கொண்டது. மூன்று மதத்தாருக்கும் பத்திரிகை அடிக்கும் என்னால் அதை ஒப்புக்கொள்ள முடியாது.

அரசு ஊழியருக்கோ இந்த விலக்கு எதுவுமே கிடையாது. லண்டன் இஸ்லிங்டனில் ஒரு பதிவாளர், மத நம்பிக்கை காரணமாகத் தன்பாலினத் துணைவர்களைப் பதிவு செய்ய மறுத்தார். 2013-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போயும் தோற்றார். அவர் பணியில் சேர்ந்தபோது அந்தச் சட்டமே இல்லை என்பதால் அவர்மேல் எனக்கு இரக்கம் உண்டு. ஆனாலும் பதிவு அலுவலகம் வரிகட்டும் எல்லோருக்கும் பொது.

சபைக்குள் கதை தலைகீழ். ஞானஸ்நானம் பெறாதவருக்கு எங்கள் போதகர் கல்யாணம் முடித்து வைக்க மாட்டார், கல்யாண அறிவிப்பான ஓலையைச் சபையில் வாசிக்க மாட்டார். அவரை எந்த நீதிமன்றமும் கட்டாயப்படுத்தக் கூடாது. இங்கிலாந்தின் 2013 சட்டமும் தன்பாலினத் திருமணத்தை அனுமதித்தபோது, விருப்பமில்லாத எந்தச் சபையையும் போதகரையும் அதை நடத்தி வைக்கச் சொல்ல முடியாது என்று பூட்டுப் போட்டுத்தான் நிறைவேறியது. நடத்தி வைக்க ஆசைப்பட்ட குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினருக்கு அதே சட்டம் கதவைத் திறந்தது.

இந்தக் கடைசி விஷயத்தை யாரும் பேசுவதே இல்லை. மதச் சுதந்திரம் ஒரு பக்கம், தன்பாலீர்ப்பாளரும் திருநங்கையரும் மறுபக்கம் என்று வைத்துக்கொண்டால், அவர்களில் கடவுளை நம்புகிறவர்கள் எங்கே போவார்கள்? 2014-இல் அமெரிக்காவின் வட கரோலினாவில், தன்பாலினத் திருமணத்தை நடத்தி வைக்கும் போதகர்களைத் தண்டிக்கும் சட்டம் எங்கள் மதச் சுதந்திரத்தை மீறுகிறது என்று வழக்குப் போட்டதே ஒரு கிறிஸ்தவ சபைதான். நமக்குப் பக்கத்துத் தூத்துக்குடியில் 2018-இல் ஓர் ஆணும் ஒரு திருநங்கையும் கோயிலில் மணமுடித்தார்கள். மறுத்தது பதிவு அலுவலகம். 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், இந்து திருமணச் சட்டத்தில் மணமகள் என்றால் திருநங்கையும் அடங்குவார் என்று சொல்லிப் பதிவு செய்ய உத்தரவிட்டார். சாமி சந்நிதியில் தாலி கட்டிக்கொள்ள விரும்பியது அவர்களுடைய மத உரிமையும்தானே?

நம் அரசியலமைப்பில் 25-வது பிரிவு ஒவ்வொருவருக்கும் மதச் சுதந்திரம் தருகிறது. ஆனால் மற்ற அடிப்படை உரிமைகளுக்கு உட்பட்டே தருகிறது. மதப் பிரிவுகள் தங்கள் காரியங்களைத் தாங்களே நடத்துவது பற்றிய 26-வது பிரிவில் அந்த நிபந்தனை இல்லை. சபைக்கு ஓர் அளவு, கடைக்கு ஓர் அளவு என்று நான் சொல்வதற்கு அங்கேயே ஓர் ஆதாரம் கிடைப்பதாக நான் நினைக்கிறேன். திருநர் என்றால் 2019 சட்டம் பாகுபாட்டை நேரடியாகத் தடை செய்கிறது. தன்பாலீர்ப்பாளருக்கு அப்படித் தனிச் சட்டம் இன்னும் இல்லை. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அவர்கள் திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் தரவும் மறுத்துவிட்டது. எனவே உங்கள் அப்பாமேல் நாளைக்கே வழக்கு வரும் என்று பயமுறுத்த மாட்டேன். ஆனால் அங்கீகாரம் இல்லை என்றால் குற்றம் என்று பொருளல்ல. தன்பாலுறவைக் குற்றமாக்கிய 377-வது பிரிவின் அந்தப் பகுதி 2018-லேயே போய்விட்டது. இரண்டு பெண்கள் உற்றார் உறவினரை அழைத்து விருந்து வைப்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.

உங்கள் மண்டபம் சபைக்குச் சொந்தமானது என்றால் என் பதில் மாறியிருக்கும். வாடகைக்கு விடும் மண்டபம், முகூர்த்தத்துக்கு ஹோமம் வளர்ப்பவருக்கும் நிக்காஹ் நடத்துபவருக்கும் தருகிற மண்டபம் என்பதால், கார்ன்வால் விடுதிதான் உங்களுக்குப் பொருத்தம். அப்பாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்: போன வருடம் அங்கே நடந்த எத்தனை கல்யாணங்களை நம் வேதம் ஏற்கும்? அவற்றுக்கெல்லாம் சாவி கொடுத்தோமே. அன்றைக்கு அவர் வந்து வாழ்த்த வேண்டியதில்லை. மேடையில் ஜெபம் பண்ணச் சொன்னால் மறுக்கலாம், அது அவருடைய உரிமை. தேதியைக் குறித்து, முன்பணம் வாங்கி, மற்றவர்களுக்குத் தரும் அதே ரசீதைக் கொடுங்கள். வாடகை ஒரு ரூபாய்கூடக் கூடக் கூடாது. தண்ணீர் லாரியும் ஜெனரேட்டர் டீசலும் வழக்கம்போல் உங்கள் பொறுப்பு.