பிபி மாத்திரை கிட்னியைக் கெடுக்குமா?

கேள்வி: தேனி மாவட்டம் கூடலூரில் இருக்கிறோம். அம்மாவுக்கு 52 வயது. விடிகாலை ஜீப்பில் குமுளிக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறார். ஐந்து வருடமாக பிபி. தலை சுற்றினால்தான் மாத்திரை போடுவார். போன மாதம் பிபி 168/100, கிரியேட்டினின் 1.3, யூரின் ஆல்புமின்-கிரியேட்டினின் விகிதம் 180. டாக்டர் டெல்மிசார்டன் எழுதினார். 'பிபி மாத்திரைதான் கிட்னியைக் கெடுக்கும்' என்று கூட வேலை பார்ப்பவர்கள் சொன்னதால் நிறுத்திவிட்டார். கிரியேட்டினின் கொஞ்சம்தானே கூடியிருக்கிறது?

பதில்: கொஞ்சம் இல்லை. கிரியேட்டினின் என்பது கிட்னி ரத்தத்திலிருந்து வடிகட்டி வெளியேற்றும் ஒரு கழிவு. அதே 1.3, இருபத்தைந்து வயதுப் பையனுக்கு வந்தால் கிட்னியின் வடிகட்டும் திறன் 78 அளவில் இருக்கும். 52 வயதுப் பெண்ணான உங்கள் அம்மாவுக்குக் கணக்கிட்டால் சுமார் 50தான். ரிப்போர்ட்டில் 'இஜிஎஃப்ஆர்' என்று வருவது இதுதான். அது மூன்று மாதத்துக்கு மேல் 60க்குக் கீழே நின்றால் நாள்பட்ட கிட்னி நோய் என்போம். ஆல்புமின் ரத்தத்தில் உள்ள ஒரு புரதம். யூரினில் அதன் விகிதம் 30க்குள் இருக்க வேண்டும். 180 என்றால் அந்தப் புரதம் யூரினில் கசிகிறது.

ஒவ்வொரு கிட்னியிலும் ஏறக்குறைய 10 லட்சம் நுண்வடிகட்டிகள் உண்டு. வருடக்கணக்கில் அழுத்தம் ஏறியே இருந்தால் அவற்றுக்குப் போகும் ரத்தக்குழாய்கள் தடித்து, வடிகட்டிகள் ஒவ்வொன்றாகத் தழும்பாகிவிடும். வலிக்காது. தலை சுற்றும்போது மட்டும் மாத்திரை போட்டது அதனால்தான் பலிக்கவில்லை.

மாத்திரைக்கு இந்தக் கெட்ட பெயர் வரக் காரணம் உண்டு. டெல்மிசார்டன் வடிகட்டிக்குள் இருக்கும் அழுத்தத்தையே குறைக்கிறது. அதனால் முதல் சில வாரங்களில் கிரியேட்டினின் சற்று ஏறலாம். 30 சதவீதம் வரை ஏறினால் பொதுவாக நாங்கள் மாத்திரையை நிறுத்துவதில்லை. புரதக் கசிவைக் குறைப்பதும் அதே மாத்திரைதான். டாக்டரிடம் நிறுத்தியதைச் சொல்லி, அவர் சொன்னபடி மறுபடி தொடங்கட்டும். தொடங்கிய ஒன்றிரண்டு வாரத்தில் கிரியேட்டினினும் பொட்டாசியமும் பாருங்கள். பிபி 130/80க்குக் கீழே வர வேண்டும். அதற்கு இன்னொரு மாத்திரையும் தேவைப்படலாம்.

நான் சந்தேகப்படுவது வேறு மாத்திரையை. நாளெல்லாம் குனிந்து காய் எடுத்துவிட்டு, இடுப்பு வலிக்கு மெடிக்கலில் டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் கேட்டு வாங்கிப் போடும் பழக்கம் அந்தத் தோட்டங்களில் சகஜம். அம்மாவின் சுருக்குப்பையைப் பாருங்கள். இருந்தால் முதலில் நிறுத்த வேண்டியது அதைத்தான். வலி தாங்கவில்லையென்றால் டாக்டரிடம் கேட்டு பாராசிட்டமால் போடலாம். 'கிட்னி பொடி', பெயர் தெரியாத லேகியம் எதுவும் வேண்டாம்.

உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் இருக்கட்டும். தூக்குவாளிச் சோற்றோடு போகும் ஊறுகாய், கருவாடும் இந்தக் கணக்கில்தான். 'சோடியம் குறைந்த உப்பு' வாங்காதீர்கள். அதில் பொட்டாசியம் கூடுதல், டெல்மிசார்டனோடு சேர்ந்தால் ஆபத்து. வாந்தி, பேதி அதிகமாகப் போகும் நாளில் டெல்மிசார்டனைத் தற்காலிகமாக நிறுத்துவதா என்று உடனே போன் போட்டுக் கேளுங்கள்.

சர்க்கரை பார்த்ததாக எழுதவில்லையே? அதையும், வயிற்று ஸ்கேனையும் இந்த மாதமே முடித்துவிடுங்கள். மூன்று மாதம் கழித்து யூரின் ஆல்புமினைத் திரும்பப் பார்க்க வேண்டும். இப்போதைய ரிப்போர்ட்டைப் பத்திரமாக வையுங்கள்.