ஒரு மேடா, இரண்டு மேடா? ஹிஸ்டோகிராமின் வடிவத்தைப் படிக்கும் முறை

கேள்வி: உதவி மையம் ஒன்றில் பணிபுரிகிறேன். 200 தொலைபேசி அழைப்புகள் எவ்வளவு நேரம் நீடித்தன என்று முழு நிமிடங்களில் குறித்திருக்கிறேன். மிகக் குறைவு 1, மிக அதிகம் 44. சராசரி 7.3, இடைநிலை அளவு (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்) 6. மென்பொருள் 5 நிமிட இடைவெளியில் தானாக வரைந்த ஹிஸ்டோகிராமில் (ஒவ்வொரு இடைவெளியிலும் எத்தனை அழைப்புகள் விழுந்தன என்று தூண்களால் காட்டும் படம்) இடப்புறம் ஒரு மேடும் வலப்புறம் நீண்ட வாலும் தெரிகின்றன. இடைவெளியை 2 நிமிடமாக மாற்றினால் இரண்டு மேடுகள் வருகின்றன. எதை நம்புவது? மணி வடிவம் வராததால் தரவில் கோளாறு இருக்கிறதா?

பதில்: கோளாறு எதுவும் இல்லை. மணி வடிவம்தான் இயல்பு என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். காத்திருக்கும் நேரம், பேசும் நேரம், வருமானம் போன்றவற்றுக்குக் கீழே பூஜ்யம் என்ற தரை உண்டு. மேலே கூரை கிடையாது. அதனால் வால் வலப்புறம் நீள்வதே வழக்கம். அந்த வால் சராசரியைத் தன் பக்கம் இழுக்கும். உங்கள் சராசரி இடைநிலை அளவைத் தாண்டி நிற்பதற்கு அதுவே காரணம். 44 நிமிட அழைப்பு உண்மையிலேயே நடந்தது என்றால், படம் அழகாக வரவேண்டும் என்பதற்காக அதை நீக்காதீர்கள்.

இனி மேடுகள். 5 நிமிட இடைவெளி எங்கிருந்து வந்தது? 1926இல் ஹெர்பர்ட் ஸ்டர்ஜஸ் தந்த விதிப்படி 200 எண்களுக்குச் சுமார் 9 பிரிவுகள் போதும். 44ஐ ஒன்பதால் வகுத்தால் ஏறத்தாழ 5. உங்கள் மென்பொருள் பெரும்பாலும் இதைத்தான் செய்திருக்கும். ஆனால் அந்த விதி மணி வடிவத்தை, அதாவது இயல்நிலைப் பரவலை, மனத்தில் வைத்து உருவானது. வால் நீண்ட தரவில் அது பிரிவுகளை அகலமாக்கி, நுணுக்கங்களை மூடிவிடும். புள்ளியியலாளர்கள் ஃபிரீட்மனும் டயகோனிஸும் 1981இல் தந்த விதி இங்கே பொருத்தமானது: மேல், கீழ் கால்மானங்களின் (வரிசைப்படுத்திய எண்களில் முக்கால் பங்கும் கால் பங்கும் முடியும் இடங்கள்) வித்தியாசத்தை இரண்டால் பெருக்கி, எண்ணிக்கையின் கனமூலத்தால் வகுக்க வேண்டும். உங்கள் கால்மானங்கள் 3, 10 என்று வைத்துக்கொண்டால், 14ஐ 5.85ஆல் வகுக்க 2.4 கிடைக்கும். முழு நிமிடத் தரவு என்பதால் 2 என்று வைப்பது சரி.

ஏன் 2.4 என்றே வைக்கக் கூடாது? இதில் பலர் ஏமாறுகிறார்கள். முழு எண்களுக்கு 1.5 அகலம் கொடுத்துப் பாருங்கள். முதல் பிரிவில் 0, 1 என இரண்டு எண்கள் விழும். அடுத்ததில் 2 மட்டும். அதற்கடுத்து 3, 4. பிறகு 5 மட்டும். தூண்கள் சீப்புப் பற்கள் போல ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கம் பிரிவுகள் உண்டாக்கியது, தரவில் இல்லை. ஆகவே அளந்த அலகின் முழு மடங்காகவே அகலம் இருக்கட்டும். தொடக்கப் புள்ளியையும் ஒரு நிமிடம் நகர்த்தி வரைந்து பாருங்கள். அப்போது மறைந்துபோகும் மேட்டை நான் நம்பமாட்டேன்.

மறையாமல் நின்றால், மேடுகளுக்கு நடுவிலுள்ள பள்ளம் போதிய ஆழம் உடையதா என்று எண்ணிப் பார்க்கலாம். ஒரு தூணின் எண்ணிக்கை தற்செயலாக ஏறக்குறைய அதன் வர்க்கமூலம் அளவுக்குக் கூடவோ குறையவோ செய்யும். உதாரணமாக 4–5 நிமிடத்தில் 33 அழைப்புகள், 6–7இல் 12, 8–9இல் 28 என்று வந்தால், 12இன் ஊசலாட்டம் மூன்றரை, 28இன் ஊசலாட்டம் ஐந்து சொச்சம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமோ 16. அந்தப் பள்ளம் மெய்யானது. 200க்குப் பதில் 30 அழைப்புகளே இருந்திருந்தால், இரண்டு மேடு என்று சொல்லவே துணியமாட்டேன்.

இரண்டு மேடு என்றால் பெரும்பாலும் இரண்டு வகைகள் கலந்திருக்கின்றன என்று பொருள். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவிலுள்ள ஓல்ட் ஃபெய்த்ஃபுல் வெந்நீர் ஊற்று இதற்குப் புகழ்பெற்ற சான்று. அதன் ஒவ்வொரு பீச்சலும் எவ்வளவு நேரம் நீடித்தது என்று வரைந்தால் 2 நிமிடத்தை ஒட்டி ஒரு மேடும் நாலரை நிமிடத்தை ஒட்டி இன்னொன்றும் எழும். குறுகிய பீச்சலுக்குப் பின் அடுத்தது விரைவில் வரும். நீண்டதற்குப் பின் வெகுநேரம் ஆகும். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே சராசரி கண்டால் இந்தத் தொடர்பு கண்ணில் படாது.

உங்கள் இடைநிலை அளவான 6 நிமிடமும் இரண்டு மேடுகளுக்கு நடுவே, அழைப்புகள் குறைந்த இடத்தில்தான் விழுகிறது. "வழக்கமான அழைப்பு 6 நிமிடம்" என்று அறிக்கையில் எழுதினால், மிகச் சில அழைப்புகளுக்கே அது பொருந்தும். தகவல் கேட்டு வந்தவை, சிக்கலைத் தீர்க்க வந்தவை என்று பிரித்து, ஒரே அகலத்தில், ஒரே அச்சில், ஒன்றின் கீழ் ஒன்றாக இரு படங்கள் வரையுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு மேடு மட்டும் மிஞ்சினால், இரண்டு இடைநிலை அளவுகளைத் தனித்தனியே எழுதுங்கள். பிரித்த பிறகும் இரண்டிலும் இரண்டு மேடுகள் தொடர்ந்தால், வகைப்பாடு வேறெங்கோ இருக்கிறது. அழைப்பை ஏற்ற பணியாளர், நாளின் நேரம் என்று மாற்றிப் பிரித்துப் பாருங்கள்.

கூடவே 10, 15, 20, 30 ஆகிய இடங்களில் மட்டும் தூண் துருத்திக்கொண்டு நிற்கிறதா என்று 1 நிமிட அகலத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். நின்றால், யாரோ கடிகாரத்தைப் பார்க்காமல் தோராயமாகக் குறித்திருக்கிறார்கள்.