அம்மா ஒல்லி என்றால் குழந்தையும் ஒல்லியா?

குழந்தை நல மருத்துவர் பதில்கள்

கேள்வி: டாக்டர், என் உயரம் 152 செ.மீ., எடை 42 கிலோ. கர்ப்பகாலத்தில் மொத்தமே 7 கிலோதான் ஏறினேன். மகள் பிறந்தபோது 2.6 கிலோ. மாதாமாதம் பார்த்த எடை: 3.4, 4.3, 5.0, இப்போது நான்கு மாதம் முடிந்து 5.5. தாய்ப்பால் மட்டும்தான் கொடுக்கிறேன். பார்க்க வருகிறவர்கள் எல்லாரும், 'நீயே குச்சி மாதிரி இருக்கே, உனக்குப் பால் எங்கேருந்து வரும்?' என்கிறார்கள். என் தங்கையின் மகள் இதே வயதில் 7 கிலோ இருந்தாள். பால் பவுடர் ஆரம்பிக்கட்டுமா?

பதில்: வேண்டாம். கடிதத்திலேயே எனக்குப் பிடித்த வரி, அந்த மாதாமாத எடைதான். அதை வைத்து உங்கள் மகளுக்கு வளர்ச்சி அட்டையில் கோடு போட்டுப் பார்த்தேன். எந்த வயதில் எத்தனை எடை என்று பல கோடுகளாகக் காட்டும் அட்டை அது, நடுக்கோடு நடுத்தரக் குழந்தையுடையது. பிறந்தபோது நடுக்கோட்டுக்குக் கீழே எந்த இரண்டு கோடுகளுக்கு நடுவில் இருந்தாளோ, இன்றும் அதே இடத்தில்தான் இருக்கிறாள். நாளுக்குச் சராசரியாக 24 கிராம் ஏறியிருக்கிறாள். முதல் மூன்று மாதத்தில் 20 முதல் 30 கிராம் வரை ஏறினால் நாங்கள் திருப்தியாகத் தலையாட்டுவோம். அதன் பிறகு வேகம் கொஞ்சம் குறைவது இயல்பு. நான்காவது மாதத்தில் அரை கிலோ ஏறியதைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை.

அப்படியானால் அம்மாவின் எடைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லையா? இருக்கிறது, ஆனால் பெரும்பாலும் பிறக்கும் வரை. 1938-இல் இங்கிலாந்தில் வால்டன், ஹம்மண்ட் என்ற இரு ஆய்வாளர்கள் ஷயர் என்ற பெரிய குதிரை இனத்தையும் ஷெட்லாண்ட் என்ற குட்டை இனத்தையும் கலந்தார்கள். தாய் பெரியது, தந்தை சின்னது என்று ஒரு ஜோடி. தாய் சின்னது, தந்தை பெரியது என்று இன்னொரு ஜோடி. மரபு இரண்டிலும் பாதிப் பாதிதான். ஆனால் சின்னத் தாயின் குட்டி மிகச் சிறியதாகப் பிறந்தது. பிறக்கும்போது உள்ள அளவில் தாயின் உடம்புக்கு அவ்வளவு பங்கு. மனிதர்களிலும் தாயின் உயரம், கர்ப்பத்துக்கு முந்தைய எடை, கர்ப்பத்தில் ஏறிய எடை மூன்றும் பிறப்பு எடையில் தெரியும். உங்களைப் போல உடல் நிறை குறியீட்டெண் (உயரத்துக்கு எடை போதுமா என்று காட்டும் பிஎம்ஐ) 18.5-க்குக் கீழே இருப்பவர்கள் கர்ப்பத்தில் 12.5 முதல் 18 கிலோ வரை ஏற வேண்டும் என்பது 2009-இல் அமெரிக்க மருத்துவக் கழகம் தந்த கணக்கு. நீங்கள் ஏறியது 7. மகள் 2.6 கிலோவில் பிறந்ததில் எனக்கு ஆச்சரியமில்லை. 2.5-க்குக் கீழே போகாததில் கொஞ்சம் நிம்மதி.

பிறந்த பிறகு கதை மாறிவிடுகிறது. பால் எவ்வளவு சுரக்கும் என்பதைத் தீர்மானிப்பது அம்மாவின் இடுப்பளவு அல்ல, குழந்தை எத்தனை தடவை, எவ்வளவு நன்றாக உறிஞ்சுகிறது என்பதுதான். உடம்பு மிக மோசமாக மெலிந்துபோன தாயைத் தவிர, ஒல்லியோ பருமனோ, குழந்தை முதல் ஆறு மாதத்தில் நாளுக்கு ஏறத்தாழ முக்கால் லிட்டர் குடிக்கிறது. ஆனால் பி12, அயோடின், வைட்டமின் ஏ போன்றவை உங்களிடம் குறைந்தால் பாலிலும் குறையும். அதனால் கவனிக்க வேண்டியது உங்களை. வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் தினம் 500 கலோரி அளவுக்குக் கூடுதலாகச் சாப்பிடுங்கள். அடுத்த குழந்தை எண்ணம் இருந்தால் நீங்கள் முதலில் நாலைந்து கிலோ ஏறுங்கள். பி12, இரும்புச்சத்துப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள்.

தங்கை மகளை விட்டுவிடுங்கள், அவள் அவளுடைய கோட்டில் போகிறாள். உங்கள் மகள் நாளுக்கு ஆறு தடவைக்குக் குறைவாகச் சிறுநீர் கழித்தால், எடை அப்படியே நின்றால், கோட்டைத் தாண்டிக் கீழே இறங்கினால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். அப்புறம், எடை பார்க்கும்போது ஒரே தராசு, துணியில்லாத குழந்தை. நனைந்த டயப்பர் ஒன்றே நூறு கிராமுக்கு மேல் காட்டும். அதைக் கழற்றிய மாதம் 'எடை குறைந்துவிட்டது' என்று அழுதுகொண்டு வருகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

கேள்வி: எனக்கு நேர் எதிர்ப் பிரச்சினை. என் எடை 92 கிலோ. கர்ப்பத்தில் சர்க்கரை இருந்தது. மகன் 4.1 கிலோவில் பிறந்தான். பால் வரவே நான்காவது நாள் ஆனது. இப்போது ஆறு மாதம், 8.1 கிலோ, நீளம் 68 செ.மீ. பிறந்தபோது மேலே இருந்த கோடு இப்போது நடுவுக்கு இறங்கிவிட்டது. என் பாலில் சத்து இல்லையா?

பதில்: பாலைக் குறை சொல்லாதீர்கள், அம்மா. உங்கள் ரத்தத்தில் இருந்த கூடுதல் சர்க்கரை நஞ்சுக்கொடியைத் தாண்டி அவனிடம் போனது. உங்கள் இன்சுலின் அப்படித் தாண்டாது. அதனால் அவனே அதிகமாக இன்சுலின் சுரந்தான், அது அவனைக் கொழுக்க வைத்தது. டென்மார்க் மருத்துவர் பெடர்சன் 1950-களிலேயே சொன்ன விளக்கம் இது. தொப்புள்கொடியை வெட்டியதும் அந்த வரத்து நின்றுவிடுகிறது. அவன் மெல்லத் தன் மரபுக்குரிய கோட்டுக்கு வருகிறான். சிறிதாகப் பிறந்த குழந்தைகள் பலர் மேலே ஏறுவதும், பெரிதாகப் பிறந்தவர்கள் இறங்குவதும் முதல் இரண்டு வருடத்தில் சாதாரணம். நீளம் நடுக்கோட்டில் இருக்கிறது, எடையும் அங்கேயே வந்து நிற்கிறது. எனக்கு இது அழகான வளர்ச்சி அட்டை.

பருமனான தாய்மார்களுக்குப் பால் இறங்கத் தாமதமாவது உண்மைதான். குழந்தை உறிஞ்சும்போது எழும், பால் சுரக்க வைக்கும் ஹார்மோனான புரோலாக்டின் ஆரம்ப நாட்களில் கொஞ்சம் குறைவாக இருப்பது ஒரு காரணம். அது முடிந்த கதை. பழைய கோட்டுக்கு ஏற்றிவிட வேண்டும் என்று இப்போது ஆரம்பிக்கும் இணை உணவைத் திணிக்காதீர்கள். வாயை மூடித் திரும்பிக்கொண்டால் போதும் என்று அர்த்தம். பிரசவத்துக்குப் பின் 4 முதல் 12 வாரத்துக்குள் உங்களுக்குச் சர்க்கரைப் பரிசோதனை செய்தார்களா? இல்லையென்றால் இந்த வாரமே செய்யுங்கள்.

கேள்வி: குழந்தைக்கு இரண்டு மாதம். மனைவி பருமனாக இருப்பதால் எடை குறைக்க ஆசைப்படுகிறார். பால் குறைந்துவிடுமோ என்று நான் தடுக்கிறேன். சரிதானே?

பதில்: சரியில்லை. எடை கூடிய, தாய்ப்பால் மட்டும் கொடுத்த தாய்மார்களை வைத்து அமெரிக்காவில் செய்து 2000-இல் வெளியான ஆய்வில், வாரத்துக்கு அரை கிலோ வீதம் குறைத்தவர்களின் குழந்தைகளும் மற்றக் குழந்தைகளைப் போலவே வளர்ந்தார்கள். நடையும் உடற்பயிற்சியும் தாராளமாகச் செய்யலாம். பட்டினி மட்டும் கூடாது, தினம் 1500 கலோரிக்குக் கீழே போக வேண்டாம். அவர் நடக்கப் போகும் நேரத்தில் குழந்தையை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.