லினக்ஸ் கேர்னலில் சென்சர் டிரைவரை எந்த அடைவில் வைப்பது?

கேள்வி: ஐ-டூ-சி (I2C, சில்லுகளை இரு கம்பிகளில் இணைக்கும் முறை) வழியாக இணையும் அழுத்த சென்சர் ஒன்றுக்கு டிரைவர் (வன்பொருளை இயக்கும் நிரல்) எழுதி முடித்துவிட்டேன். அதை மிஸ்க் (misc, பலவகை) அடைவில் போட்டால் போதாதா?

போதாது. நீங்களும் சிறு குழுவொன்றில், பொருளை ஒப்படைக்கும் அவசரத்தில் இருக்கிறீர்கள் என்று எண்ணுகிறேன். 2021இல் திருகோணமலையில் நான் இருந்த நிலையும் அதுவே.

மூதூர் இறங்குதுறையில் கடல்மட்டத்தை அளக்கும் கருவி ஒன்றைச் செய்துகொண்டிருந்தோம். நீருக்கடியில் இறக்கிய அழுத்த சென்சர்தான் அதன் உயிர். கடலில் ஒரு மீற்றர் ஆழத்துக்கு ஏறத்தாழ 10 கிலோபாஸ்கல் அழுத்தம் கூடும். ஆகவே ஒரு சென்ரிமீற்றர் வேறுபாடு 0.1 கிலோபாஸ்கல்தான். நமது கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கமே ஒரு மீற்றருக்குள் அடங்கிவிடுவதால் அந்தச் சென்ரிமீற்றரை விட்டுவிட முடியாது. சில விநாடிகளுக்கு ஒருமுறை வந்துபோகும் அலையைக் கழிப்பதற்கு, விநாடிக்குப் பல தடவை, நேரக்குறியுடன் வாசித்துச் சராசரி எடுக்க வேண்டும்.

நான் நானூறு வரிகளில் டிரைவர் எழுதி, மிஸ்க் அடைவில் வைத்து, அதற்கெனத் தனிச் சாதனக் கோப்பும், பயனர் நிரல் டிரைவருக்கு அனுப்பும் ஐஒக்டில் (ioctl) கட்டளைகளும் அமைத்தேன். அப்போது நான் வேலை செய்த நிறுவனமும் அதையே விரும்பியது. எங்கள் மென்பொருள் இல்லாமல் வேறெவரும் கருவியை வாசிக்கக்கூடாது என்பது அவர்களது எண்ணம். பொதுப் பணத்தில் வாங்கப்படும் அளவுக்கருவியின் எண்களைப் பூட்டி வைக்கும் இந்தப் பழக்கத்தின் மீது எனக்குள்ள கோபம் இன்னும் ஆறவில்லை.

கேர்னலின், அதாவது இயங்குதளக் கருவின், முதன்மை மூலநிரல் மரத்துக்கு வெளியே இருக்கும் டிரைவரை எவரும் நமக்காகத் திருத்தித் தரமாட்டார்கள். உள் இடைமுகங்களை மாற்றாமல் வைத்திருப்போம் என்று லினக்ஸ் வாக்குறுதி தருவதில்லை. மாற்றுபவர், மரத்துக்குள் இருக்கும் டிரைவர்களையும் சேர்த்தே திருத்திவிடுவார். 6.1 பதிப்பில் ஐ-டூ-சி டிரைவரின் ரிமூவ் (சாதனம் நீக்கப்படும்போது ஓடும்) செயற்கூறு எதையும் திருப்பித் தராததாக மாறியபோது எனது டிரைவர் தொகுபடவில்லை. 6.3இல் புரோப் (சாதனம் கண்டறியப்படும்போது ஓடும்) செயற்கூறு ஓர் அளபுருவை இழந்தபோது மறுபடியும் உடைந்தது. அந்த இரண்டாவது முறைதான், மற்றவர்கள் இதை எப்படித் திருத்தினார்கள் என்று பார்ப்பதற்காக ஐஐஓ (IIO, அளவீட்டுச் சென்சர்களுக்கான கேர்னல் துணையமைப்பு) அடைவுக்குள் இருக்கும் பிரஷர் அடைவைத் திறந்தேன். எனது சென்சரின் குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு சில்லுக்கான டிரைவர் அங்கே ஏற்கெனவே இருந்தது. எனது சில்லை அதில் சேர்ப்பதற்குப் பத்து வரிகள்கூடத் தேவைப்படவில்லை.

அதனால்தான், இடத்தைத் தீர்மானிப்பதை வேலையின் கடைசிக்கு விடாதீர்கள் என்கிறேன். சில்லு எந்தக் கம்பியில் இணைகிறது என்பது இங்கே பொருட்டல்ல. ஐ-டூ-சி அடைவு அந்த இணைப்புப் பாட்டைக்கும் (bus) அதன் கட்டுப்படுத்திகளுக்கும் உரியது. அதற்குள் முன்பு சிப்ஸ் என்றொரு அடைவு இருந்து, பிறகு அகற்றப்பட்டதும் இதே காரணத்தால்தான். பயனர் நிரலுக்கு டிரைவர் எதைத் தரப்போகிறது என்று கேளுங்கள். கணினியின் மின்னழுத்தம், விசிறி, வெப்பநிலை ஆகியவற்றை ஆறுதலாகக் கண்காணிப்பதற்கு எச்டபிள்யூமொன் (hwmon) என்ற துணையமைப்பு இருக்கிறது. அதன் வரையறையில் அழுத்தத்துக்கு இடமே இல்லை. ஐஐஓவில் அழுத்தம் கிலோபாஸ்கலில் தரப்பட வேண்டும் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். எனக்குத் தேவைப்பட்ட, வாசிப்புகளைச் சேர்த்துவைக்கும் இடையகமும் நேரக்குறியும் வாசிப்பைத் தொடக்கிவைக்கும் தூண்டியும் அங்கே ஆயத்தமாக உள்ளன. உங்கள் சில்லு வெப்பநிலையையும் அளக்கிறதே என்று குழம்ப வேண்டாம்: ஐஐஓவின் அளவீட்டை எச்டபிள்யூமொன் வழியாகக் காட்டும் இணைப்பு டிரைவர் ஒன்று உண்டு.

மிஸ்க் அடைவிலும் நல்ல டிரைவர்கள் இருக்கின்றனவே என்று சிலர் வாதிடக்கூடும். இருக்கின்றன, வேறெந்தத் துணையமைப்பிலும் பொருந்தாதவற்றுக்கு அதுதான் சரியான இடம். ஆனால் பிஎம்பி085 என்ற அழுத்த சென்சரின் டிரைவர் நெடுநாள் மிஸ்கில் இருந்து, ஐஐஓவின் பிஎம்பி280 டிரைவர் அந்தச் சில்லையும் ஏற்றுக்கொண்டதும் 2016இல் ஓய்வு பெற்றது. நீங்கள் எழுதியிருப்பதும் அழுத்த சென்சர்தான். ஒரேயொரு மாதிரிக் கருவிக்கு இவ்வளவும் மிகை என்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. அத்தகைய தேவைக்கு ஐ-டூ-சி-டெவ் வழியாகப் பயனர் நிரலிலிருந்தே வாசிக்கலாம், கேர்னல் டிரைவரே வேண்டாம்.

ஆகவே உங்கள் டிரைவரை அனுப்புவதற்கு முன், பிரஷர் அடைவில் உங்கள் சில்லின் பதிவேட்டு அமைப்பை ஒத்த ஒன்று இருக்கிறதா என்று தரவுத்தாளுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். இருந்தால், அந்தக் கோப்பின் மீது கெட்-மெயின்டெய்னர் நிரலை ஓட்டி, அது காட்டும் பராமரிப்பாளருக்கு உங்கள் சில்லைச் சேர்க்கும் சிறு திருத்தத்தை மட்டும் அனுப்புங்கள்.